பொறுப்பு அதிகாரி: குஞ்சிதபாதம்

ஜூன் 3, திங்கள்

இந்த டைரியை என்றைக்காவது திறக்கப்போகும் புண்ணியவானே, முதலிலேயே சத்தியம் செய்து சொல்லிவிடுகிறேன். இதில் நான் எழுதப்போகும் கதையை மூன்று உலகத்திலும் ஒருவரும் நம்பமாட்டார். நம்பாதவர் வரிசையில் முதல் ஆளாக என் தர்மபத்தினி மரகதம் நிற்பாள். அவளுக்குப் பின்னால் வரிசை திருவான்மியூர் வரை போகும்.

மருமகன் ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாக வெள்ளையாகவே கிடந்தது. குற்றம் என்னுடையதல்ல, எழுதும்படி எதுவும் நடக்கவில்லை. பால் வராத நாளைக்கூட மரகதம் காலண்டரில் வட்டம் போட்டு முடித்துவிடுகிறாள். இன்று காலை நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. அடித்த அடியில் எங்கள் மந்தைவெளியில் பாதித் தெருவுக்கு ஜுரம் கண்டது.

அடியேன் குஞ்சிதபாதம். கருங்குன்றம் சிமெண்ட்ஸ் கம்பெனியின் சென்னைத் தொடர்பு அதிகாரியாக முப்பத்திரண்டு ஆண்டு ஆட்சி புரிந்து, நான்கு ஆண்டுக்கு முன் முடி துறந்தவன். (தலையில் இருந்த முடி எனக்கு முன்பே துறவு பூண்டுவிட்டது.) ஆலை அரியலூருக்கு அப்பால் இருக்கிறது. ஆலை அதிகாரிகள் சென்னைக்கு வந்தால் தங்குவதற்கு அடையாற்றில் ஒரு கெஸ்ட் ஹவுஸ். அதுதான் என் சாம்ராஜ்யம். இப்போதைய அதிகாரிகள் ஓட்டலில் தங்குகிறார்கள். சமையல்காரர் பக்கிரிசாமி மட்டும் நான்கு அறைகளையும் பெருக்கிக்கொண்டு, யாருக்கும் இல்லாத சாம்பாரை வைத்துத் தானே சாப்பிட்டுக்கொண்டு அங்கே இருக்கிறார்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். ஓய்வு பெறுபவருக்குச் சால்வை, சந்தன மாலை, சுவர்க்கடிகாரம் எல்லாம் கொடுத்த பிறகு, அவர் பணியில் வைத்திருந்த செல்போன் எண்ணையும் அவருக்கே தாரை வார்த்துவிடுவார்கள். பழைய முதலாளி தொடங்கி வைத்தது. எண்ணைப் பிடுங்கிக்கொண்டால் மனிதனுக்குப் பாதி உறவு அறுந்துபோகும் என்பது அவர் கட்சி. ஆக, எண் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. இதைக் கம்பெனிக் கம்ப்யூட்டரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அதில் இன்றைக்கும் ‘சென்னை கெஸ்ட் ஹவுஸ், பொறுப்பு அதிகாரி: குஞ்சிதபாதம்’ என்று நிற்கிறது. பக்கத்திலேயே இந்த எண்.

போன் செய்தவர் பெயர் கலியமூர்த்தி. ஆலையில் மூட்டை கட்டும் பிரிவில் தொழிலாளி. ஆலை வாசலில் வைத்திருக்கும் தொடுதிரையைத் தடவிப் பார்த்து என்னைக் கண்டுபிடித்திருக்கிறார். அவர் மனைவிக்குத் தொண்டையில் கட்டி. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆறு வாரம், சனி ஞாயிறு தவிரத் தினமும், ரேடியேஷன் கதிர் வைக்க வேண்டும். வைப்பது கால் மணி நேரம்தான். அதற்காகப் படுக்கை தரமாட்டார்கள். வெளியில் தங்கித்தான் வந்து போக வேண்டும். ஒரு அறை கிடைக்குமா என்று கேட்டார்.

இப்படித் தப்பாக வரும் அழைப்புகளுக்கு நான்கு ஆண்டாக நான் சொல்லும் பதில் ஒன்றே: ஓய்வு பெற்றாயிற்று. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சொன்னார்: “ஐயா, இதுல உங்க பேருதாங்க போட்டிருக்கு. நீங்க பாத்துச் சொன்னாதாங்க உண்டு.”

நான் பார்த்துச் சொல்லி இந்த வீட்டில் கடைசியாக நடந்தது எது என்று யோசித்தேன். தண்ணீர் மோட்டாரை நிறுத்தியது. அதுவும் தாமதம் என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

“அனுமதித்தோம்” என்றேன். பன்மையில்.

ஜூன் 4

பக்கிரிசாமியிடம் பேசினேன். நான் ஓய்வு பெற்றது அவருக்குத் தெரியும். என் வழியனுப்பு விழாவில் மூன்று டம்ளர் பாயசம் குடித்தவர். அதிகாரிகளுக்கு மட்டுமே அறை, தொழிலாளிக்குக் கிடையாது என்ற விதியும் தெரியும். நான் ஆணையை அறிவித்ததும் கெஸ்ட் ஹவுஸ் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்திருக்கிறார். “உங்க பேருதான் சார் இருக்கு. அதுக்கு மேல எனக்கு என்ன தெரியும்?” என்றார். அமைச்சன் என்றால் இவர்.

மெட்ரோ தண்ணீர் லாரி வரவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

வந்து சேர்ந்தார்கள். வரவேற்க நானே நேரில் எழுந்தருளினேன். அடையாறு பாலத்தில் போக்குவரத்தை எனக்காக நிறுத்தியிருந்தார்கள். (சிக்னல்.)

கலியமூர்த்திக்கு ஐம்பது இருக்கும். புருவத்தில் படிந்த சிமெண்டு எத்தனை முறை குளித்தாலும் போகாது போலிருக்கிறது. கும்பிட்ட கையை இறக்கவே மறந்து நின்றார். அந்த அம்மாள் தையல்நாயகி ஒல்லி. குரல் தேய்ந்து கரகரப்பாக வருகிறது. நாக்கு மட்டும் தேயவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கணவரிடம் கேட்டார்கள் என்று மரியாதைப் பன்மையில் எழுத ஆசை. கேட்டது அப்படி மரியாதையாக இல்லை.

“இவருதான் பெரிய அதிகாரியா? சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்காரு.”

கலியமூர்த்தி வெலவெலத்துப்போனார். நான் பொத்தானைச் சரிசெய்துகொண்டே, இது அடையாற்றின் சீருடை என்று விளக்கினேன். அந்த அம்மாள் நம்பவில்லை.

ஜூன் 12

ஆய்வுக்குப் போனேன். பக்கிரிசாமியின் சாம்பார் பழையபடி இருக்கிறது; கரண்டியைச் செங்குத்தாக நிறுத்தினால் சரியாமல் நிற்கும்.

சிகிச்சை எப்படி என்று தையல்நாயகி அம்மாளைக் கேட்டேன். முகத்துக்கும் கழுத்துக்கும் அச்சாகப் பிளாஸ்டிக்கில் ஒரு மூடி செய்திருக்கிறார்களாம், சல்லடை போலத் துளைத் துளையாக. படுக்கவைத்து அதை மாட்டி, மேசையோடு சேர்த்து இறுக்கிவிடுவார்களாம். “எழுந்து ஓடிப்போயிருவேன்னு பயம் போல” என்றார். சிரித்தார். கலியமூர்த்தி சிரிக்கவில்லை. அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 15

கேஸ் சிலிண்டர் வந்தது. நான் வீட்டில் இல்லை. விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது.

“தினம் எங்க போறீங்க?” என்றாள் மரகதம்.

ஆய்வு என்றேன்.

“நாலு வருஷமா மாடிக்குப் போய்த் துணி எடுத்துட்டு வாங்கன்னா முட்டி வலிங்கறீங்க. அடையாறு பாலத்துல மட்டும் முட்டி வலிக்காதா?”

அரசாங்க ரகசியம் என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.

ஜூன் 20

இன்று எழுத மனமில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

தையல்நாயகி அம்மாளுக்குத் தொண்டை உள்ளே வெந்துபோயிருக்கிறது. எச்சில் விழுங்கினாலே கண்ணில் நீர் வருகிறது. பக்கிரிசாமி, தன் வாழ்நாளில் முதல்முறையாக, காரம் இல்லாத ஒன்றைச் சமைக்க முயன்று தோற்றுப்போய் அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். கலியமூர்த்தி என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், ஊருக்கே போய்விடலாமா என்று பார்க்கிறேன் என்றார். இவளை இப்படி வைத்துப் பார்க்க முடியவில்லையாம்.

டாக்டரைக் கேட்டீர்களா என்றேன். கேட்டாராம். இனிமேல்தான் இன்னும் கஷ்டமாக இருக்கும், ஆனால் பாதியில் விட்டால் கட்டி முன்னைவிட வேகமாக வரும், முழுதும் முடித்தால் நல்ல வாய்ப்பு உண்டு என்றாராம் டாக்டர்.

அப்படியென்றால் இந்த வாசலைத் தாண்ட உங்களுக்கு அனுமதி இல்லை என்று ஆணையிட்டேன். இதுவரை நான் போட்ட ஆணைகளில் யாரும் மறுபேச்சுப் பேசாதது இது ஒன்றுதான்.

ஜூன் 24, திங்கள்

ஆபத்து. ஆலையின் நிர்வாகப் பிரிவிலிருந்து ஜெசிந்தா என்றொரு பெண் பேசினார். குரல் மிகவும் மரியாதை. சுனாமியும் வருமுன் அப்படித்தான் பின்வாங்கி மரியாதை காட்டும்.

ஜூலை முதல் தேதி கம்பெனிக்குப் புதுக் கம்ப்யூட்டர் அமைப்பு வருகிறதாம். பழையதில் இருக்கும் விவரங்களைச் சரிபார்த்து மாற்றுகிறார்கள். என் விவரம் வரும்போது யாரோ ஒரு பெரியவர், அவர் போய் நாலு வருஷமாச்சே என்றிருக்கிறார்.

“போய்னா, எங்க போயின்னு கேட்டேன் சார். நல்லவேளை, ரிடையர்தான்னு சொன்னாங்க” என்றார் ஜெசிந்தா.

பொறுப்பு அதிகாரியாகத் துணைப் பொது மேலாளர் ஆதிகேசவன் பெயரைப் போட வேண்டுமாம். அதில்தான் ஒரு சிக்கல். ஒரு பொறுப்பு கை மாற வேண்டுமானால், ஏற்கெனவே பொறுப்பில் இருப்பவர் சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதம் ஓடிபியாகப் பொறுப்பு அதிகாரியின் எண்ணுக்குத்தான் வரும். அந்த எண்தான் எனக்குத் தாரை வார்க்கப்பட்டதாயிற்றே.

சற்று யோசித்து, கெஸ்ட் ஹவுஸில் யாராவது தங்கியிருந்தால் என்ன ஆகும் என்று, சும்மா தெரிந்துகொள்ளும் ஆவலில், கேட்டேன். புது அமைப்பு ஒவ்வொரு அறையையும் பார்க்குமாம். தகுதி இல்லாதவர் இருந்தால் அன்றைக்கே காலி செய்யச் சொல்லி, பக்கிரிசாமிக்கு அதுவே செய்தி அனுப்பிவிடுமாம்.

“ஓடிபி அனுப்பறேன் சார், சொல்றீங்களா?”

போன் கிணற்றில் விழுந்துவிட்டது என்றேன்.

“எந்த போன் சார்? இப்ப பேசிட்டிருக்கறதா?”

ஜூன் 25

முற்றுகை தொடங்கியது. ஓடிபி காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை. ஆறு எண்கள் ஆறு யானைகளாகக் கோட்டைக் கதவை முட்டுகின்றன. சிக்னல் இல்லை என்றேன்.

ஜூன் 26

கண்ணாடி உடைந்துவிட்டது, எண் தெரியவில்லை என்றேன். ஜெசிந்தா, பக்கத்தில் யாரையாவது படிக்கச் சொல்லுங்கள் என்றார். இந்தத் தெருவில் யாருக்கும் எழுத்து வாசனை இல்லை என்றேன். எதிர்வீட்டுப் பேராசிரியர் மன்னிப்பாராக.

ஜூன் 27

உள்நாட்டுச் சதி. நான் குளித்துக்கொண்டிருந்தபோது போனை மரகதம் எடுத்துவிட்டாள். தலையைத் துவட்டிக்கொண்டு வந்தால், அவள் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஜெசிந்தா அத்தனையும் சொல்லிக்கொண்டிருக்கிறார். முடிந்ததும் போனை வைத்தாள். என்னைப் பார்த்தாள். முப்பத்தைந்து ஆண்டு தாம்பத்தியத்தில் இப்படி ஒரு பார்வையை நான் சந்தித்ததில்லை. பத்து ரிக்டர் அளவு இருக்கும்.

எல்லாவற்றையும் சொன்னேன். கட்டி, சல்லடை, வெந்த தொண்டை, பாதியில் விட்டால் என்ன ஆகும் என்பது வரை.

எழுந்து புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். கையில் நொய்யரிசி டப்பா. “அந்தம்மாவுக்கு வாயில வைக்க என்ன குடுக்கறீங்க? பக்கிரி சாம்பாரா? கிளம்புங்க.”

ஓடிபி விஷயம் என்ன ஆயிற்று என்று படி இறங்கும்போது பயந்துகொண்டே கேட்டேன்.

“வரலைன்னு நானே சொல்லிட்டேன். உங்களை மாதிரி கிணறு, கண்ணாடின்னு அளக்கல. வரலை, அவ்வளவுதான்.”

ஜூன் 28

மரகதத்தின் கஞ்சி, மோர் விட்டு, நூலாக வடிகட்டி. ஒரு டம்ளர் இறங்கியது. ஒரு மணி நேரம் ஆயிற்று. மரகதம் அத்தனை நேரமும் பக்கத்திலேயே இருந்து என் குறைகளைப் பட்டியல் போட்டாள். தையல்நாயகி அம்மாளுக்கு வலி மறந்துவிட்டது என்று நினைக்கிறேன். என்னைப் பற்றி இவ்வளவு இருக்கிறதா என்று எனக்கே ஆச்சரியம்.

ஜூன் 29, சனி

நானும் மரகதமும் கஞ்சியோடு கெஸ்ட் ஹவுஸில் இருந்தபோது ஆதிகேசவன் வந்துவிட்டார். முன்னறிவிப்பு இல்லை. பீரங்கிப் படையோடு வருவார் என்று எதிர்பார்த்தேன். முதுகில் ஒரு பையோடு, காலை ரயிலில் வந்த கசங்கலோடு, தனியாக வந்தார். நாற்பது வயது இருக்கலாம்.

கூடத்தில் கலியமூர்த்தி எழுந்து நின்றார்.

“நீங்க பேக்கிங்ல இருக்கறவர்தானே? இங்க எப்படி?”

“குஞ்சிதபாதம் ஐயா ஆர்டர் குடுத்தாருங்க.”

“அவர் ரிடையர் ஆகி நாலு வருஷம் ஆச்சே.”

கலியமூர்த்தி திரும்பி என்னைப் பார்த்தார். போர்க்களத்தில் நூறு அம்பு வாங்கியவன் நான் என்று எழுதலாம். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. உள்ளே போய்த் துணிகளை மடிக்க ஆரம்பித்தார். மடித்துக்கொண்டே வாசல் பக்கம் பார்த்துச் சொன்னார்: “எங்களுக்குத் தெரியாதுங்க சார். தெரிஞ்சிருந்தா வந்திருக்கமாட்டோம். வேலைக்கு மட்டும் ஒண்ணும் பண்ணிடாதீங்க.”

அப்போது தையல்நாயகி அம்மாள் எழுந்து வந்தார். முந்தின நாள் சிகிச்சையில் சல்லடை இறுகிய தடம் நெற்றியில் இன்னும் மங்கலாகக் கிடந்தது. குரல் என்று சொல்ல முடியாது, காற்றுதான்.

“என்னாத்தை மடிக்கிறீங்க? கொடியில கிடக்கறது இன்னும் காயல.”

ஆதிகேசவன் அந்தத் தடத்தையே பார்த்தார். என்ன அது என்று கேட்டார். அந்த அம்மாள் கையால் முகத்தை மூடிக்காட்டி, திருகுவது போல விரலைச் சுழற்றிக் காட்டினார். ஆதிகேசவன் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்தார். மரகதம் கேட்காமலே ஒரு டம்ளர் கஞ்சியை அவர் கையில் கொடுத்தாள். குடித்தார்.

பிறகு நானும் அவரும் போர்ட்டிகோவில் நின்றோம்.

“நீங்க செஞ்சது தப்பு சார்.”

“ஆமாம்.”

“தொழிலாளிக்கு ரூம் குடுக்க எனக்கே அதிகாரம் கிடையாது. ரூல் மேல இருந்து வந்தது.”

“நான் ஓடிபி தரலைன்னா?”

“திங்கட்கிழமை பழைய சிஸ்டத்தை மூடிடுவாங்க. புதுசுல இந்த வீட்டுக்குப் பொறுப்பு அதிகாரியே இல்லைன்னு ஆயிடும். ஆள் இல்லாத வீட்டைப் பூட்டிச் சாவியை அனுப்பச் சொல்லிடுவாங்க.”

“தந்தா?”

“என் பேர் வரும். அப்புறம் என்னால என்ன முடியுதுன்னு பார்க்கறேன். வாக்கெல்லாம் குடுக்க மாட்டேன்.”

பார்க்கிறேன் என்ற சொல்லை நானே முப்பத்திரண்டு ஆண்டு பலரிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஆனால் வாக்குக் கொடுக்கமாட்டேன் என்று கூடவே சொல்வதற்கு நான் ஒருநாளும் மெனக்கெட்டதில்லை. போனை எடுத்தேன். வந்திருந்த ஆறு எண்களையும் படித்தேன்.

ஜூன் 30

போன் அடிக்கவில்லை.

ஜூலை 1, திங்கள்

காலையிலேயே கெஸ்ட் ஹவுஸ். பக்கிரிசாமி கம்ப்யூட்டரை எனக்காகத் திருப்பி வைத்திருந்தார். பொறுப்பு அதிகாரி: ஆதிகேசவன். எழுத்து பளபளவென்று இருந்தது. அதன் கீழே சிவப்பில்: அறை மூன்று, தங்குபவருக்குத் தகுதி இல்லை, இன்றே காலி செய்யவும்.

கலியமூர்த்தி பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டார். இன்றைய சிகிச்சையை முடித்துக்கொண்டு அப்படியே கோயம்பேடு போய் பஸ் ஏறிவிடுவதாக ஏற்பாடு. என் வீட்டுக்கு வாருங்கள் என்றேன். வாய் வார்த்தைக்குச் சொல்லவில்லை. மரகதம் கூடத்துக் கட்டிலை ஒழித்தே வைத்துவிட்டாள். கலியமூர்த்தி கும்பிட்டார். “வேணாங்கய்யா. எங்களால நீங்க பட்டது போதும்.” அவர் அதற்கு மேல் பேசுகிற ஆள் இல்லை. அறை போனதைவிட, அது எனக்கில்லாத அதிகாரத்தில் வந்தது அவரை அறுத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஆதிகேசவனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. என்ன என்னவோ வசவுகளை யோசித்து வைத்திருந்தேன், அத்தனையும் செந்தமிழில்.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வந்து நின்றபோது என் போன் அடித்தது. ஜெசிந்தா.

“சார், ஒரு சந்தேகம். நீங்க யாரு?”

இந்தக் கேள்விக்கு ரிஷிகளே திணறியிருக்கிறார்கள் என்றேன்.

“அது இல்ல சார். கெஸ்ட் ஹவுஸ் பொறுப்பிலேர்ந்து உங்க பேரை எடுத்தாச்சு. ஆனா ஆள் விவரத்துல உங்களை இன்னும் யாரும் எடுக்கல. அங்க நீங்க இன்னும் வேலையில இருக்கீங்க. அதிகாரி கிரேடு. உங்களை ரிடையர் பண்ண வேண்டியது பி.எஃப். செக்ஷன். அவங்க பட்டியலை ஆகஸ்ட்லதான் கையில எடுப்பாங்களாம்.”

அதனால் என்ன என்றேன்.

“அதிகாரி குடும்பத்தோட வந்து தங்கலாம் சார். புது ரூல்லயும் இருக்கு. இதை நான் சொன்னதா சொல்லாதீங்க. ஆதிகேசவன் சார் சொன்னதாவும் சொல்லாதீங்க.”

“பின்னே யார் சொன்னதாச் சொல்றது?”

“கம்ப்யூட்டர்தான் சொல்லுது சார். அவர் காலையிலேர்ந்து அதைத்தான் தேடிட்டிருந்தார். குடும்பத்துல யார் யார்னு கேக்குது. என்ன போடட்டும்?”

ஆட்டோவில் ஒரு கால் வைத்தபடி தையல்நாயகி அம்மாள் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மனைவி. தங்கை. தங்கை வீட்டுக்காரர்” என்றேன்.

ஜூலை 2

ஒரு நிபந்தனை. குடும்பம் மட்டும் தங்கக்கூடாது. அதிகாரியும் தங்க வேண்டும். தினமும் காலையில் அவர் முகத்தைக் கம்ப்யூட்டருக்குக் காட்ட வேண்டும். ஆகவே நானும் மரகதமும் மூட்டை முடிச்சோடு இரண்டாம் அறைக்குக் குடிவந்துவிட்டோம். அறிமுகத்தின்போது மரகதம் தையல்நாயகியிடம் சொன்னாள்: “கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷம் நாத்தனார் இல்லாம நிம்மதியா இருந்தேன். எங்கிருந்து வந்தீங்க?”

தையல்நாயகி சத்தமில்லாமல் சிரித்தாள். கலியமூர்த்திகூட.

நேற்று அவரைத் திரும்ப உள்ளே வரவைத்தது பெரும்பாடு. இதுவும் பொய்தானே ஐயா என்று பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். கம்ப்யூட்டருக்கு மட்டும் பொய், மற்ற எல்லோருக்கும் தெரிந்து நடக்கிறது என்றேன். அது அவருக்கு ஏறவில்லை. தையல்நாயகிதான் பெட்டியைப் பிடுங்கி உள்ளே கொண்டுபோனாள்.

ஜூலை 8

தையல்நாயகிக்குக் குரல் அடியோடு போய்விட்டது. கைதட்டிப் பேசுகிறாள். ஒரு தட்டு என்றால் ஆம். இரண்டு என்றால் வேண்டாம். தட்டிக்கொண்டே போனால் நான் பேசுவதை நிறுத்த வேண்டும்.

ஜூலை 11

அவளால் விழுங்க முடியவில்லை. மூக்கு வழியாகக் குழாய் வைக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள். காய்ச்சலும் இருந்ததால் இன்று கதிர் வைக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மரகதம் பூஜை அலமாரி முன்னால் நெடுநேரம் நின்றாள். கெஸ்ட் ஹவுஸ் பூஜை அலமாரியில் இருப்பது பழைய முதலாளியின் படம். அவளிடம் சொல்லவில்லை.

ஜூலை 12

குழாய் வைத்தார்கள். காய்ச்சல் விட்டது. கதிர் உண்டு.

ஜூலை 16

பக்கிரிசாமி சாம்பாருக்கு முழு விடுமுறை அறிவித்தார். இந்த வீட்டில் ஒருவர் சாப்பிட முடியாதபோது மணக்க மணக்கச் சமைப்பது பாவம் என்கிறார். நாங்கள் எல்லோரும் கஞ்சி. நான் நாற்பது கிலோ இளைத்துவிட்டேன்.

ஜூலை 22, திங்கள்

காய்ச்சலில் தவறிய ஒரு நாளையும் சேர்த்து இன்றோடு சிகிச்சை முடிந்தது. அந்தச் சல்லடையை அவளிடமே கொடுத்துவிட்டார்கள். கலியமூர்த்தி அதைத் தொடவே இல்லை. கடலில் போட்டுவிடலாமா என்றார். தையல்நாயகி இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு மரகதத்தின் காதில் காற்றாக என்னவோ சொன்னாள். மரகதம் மொழிபெயர்த்தாள்: வீட்டில் வைத்திருக்கும் கறிவேப்பிலைக் கன்றை ஆடு கடித்துவிடுகிறதாம். இதைக் கவிழ்த்து வைத்தால் கடிக்காதாம்.

பேருந்து நிலையத்துக்கு எல்லோரும் போனோம். பஸ் நகர்ந்ததும் மரகதம் வெயில் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். மேகமூட்டமாக இருந்தது.

ஆகஸ்ட் 5

மந்தைவெளி. குழாயில் தண்ணீர் வந்தது.

ஆகஸ்ட் 14

பி.எஃப். செக்ஷன் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். காலையில் போனில் செய்தி: ‘இன்று தாங்கள் பணி ஓய்வு பெறுகிறீர்கள். தங்கள் சேவைக்கு நன்றி.’ மரகதத்திடம் காட்டினேன். மறுபடியும் சால்வை தருவார்களா என்றாள்.

ஜெசிந்தா அழைத்தார். வேலையாக இல்லை, சும்மா. குழாயை எடுத்துவிட்டார்களா என்று ஆதிகேசவன் கேட்கச் சொன்னாராம். எடுத்துவிட்டார்கள் என்றேன். அந்தப் பக்கம் யாரிடமோ, எடுத்தாச்சாம் சார் என்று சொல்வது கேட்டது.

செப்டம்பர் 4, புதன்

டாக்டரிடம் காட்டுவதற்காக வந்தார்கள். இந்த முறை நேராக எங்கள் வீட்டுக்கு. கட்டி கரைந்துவிட்டது, மூன்று மாதம் கழித்து வந்தால் போதும் என்று டாக்டர் சொன்னதாகக் கலியமூர்த்தி வாசலிலேயே சொன்னார். சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்ற நெடுநேரம் ஆயிற்று அவருக்கு.

புண்ணியவானே, இதுவரை படித்துவிட்டீர் என்றால் உம் பொறுமைக்கு ஒரு கோயில் கட்டலாம். இந்த டைரியில் முக்கால்வாசி அளப்பு. நான் ஆட்சி புரிந்ததும் இல்லை, ஆணையிட்டதும் இல்லை. அடையாறு பாலத்தில் எனக்காக ஒரு சைக்கிள்கூட நின்றதில்லை. நாற்பது கிலோ இளைத்திருந்தால் நான் காற்றில் பறந்திருப்பேன். நம்பவே வேண்டாம்.

ஆனால் ஒன்று, சின்னதுதான், அது உண்மை. இன்று மத்தியானம் மரகதம் பருப்பு ரசம் விட்டுச் சோற்றைக் குழையப் பிசைந்து தட்டில் வைத்தாள். தையல்நாயகி மெதுவாக, ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடிக்கொண்டு, சாப்பிட்டு முடித்தாள். முடித்துவிட்டுத் தட்டை மரகதம் பக்கம் நகர்த்தி, அந்தக் கரகரத்த குரலில், “இன்னும் கொஞ்சம் போடுங்க அண்ணி” என்றாள்.

அதை நான் கூட்டிச் சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.